பதினான்காம் டெர்மினல்

ஆயுத பூஜைக்கு ஓசூர் தொழிற்சாலையின் பெரிய கம்ப்யூட்டரை அணைப்பது சரிதாவின் வேலை. முதலில் ஒவ்வொரு பிரிவுக்கும் போன் செய்து எல்லோரையும் சிஸ்டத்திலிருந்து வெளியேறச் சொல்வாள். ஒருவர் உள்ளே இருந்தாலும் அணைக்கமாட்டாள். அவர் பாதி அடித்து வைத்தது பாழாகிவிடும்.

பகல் பதினொன்றரைக்கு ஒரே ஒருவர் மிச்சமிருப்பதாகத் திரை காட்டியது. வண்ணம் அடிக்கும் பெயின்ட் ஷாப் பிரிவில், பெரிய கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைந்த டெர்மினல் பதினான்கு.

"அந்த ரூம இடிச்சு மூணு வருசம் ஆவுதுங்க மேடம்," என்றார் எலக்ட்ரீசியன் இலியாஸ். "ஒயரே கெடையாது. ஆஃப் பண்ணுங்க, பூசணிக்காய் ஒடைக்க எல்லாரும் நிக்கறாங்க."

சரிதா முறைப்படி செய்தி அனுப்பினாள். "சிஸ்டம் மூடப்படுகிறது. வெளியேறவும்."

"ஒரு நிமிஷம்ங்க. சேவ் பண்ணிக்கறோம்," என்று பதில் வந்தது.

காத்திருந்தாள். உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை பூஜ்ஜியமானது. அணைத்துவிட்டுக் குங்குமம் வைத்தாள்.

விடுமுறை முடிந்த காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு செய்தி இருந்தது.

"அன்னைக்குக் காத்திருந்ததுக்கு நன்றிங்க. இன்னைக்கு நாங்க மூடறோம். நீங்க வெளிய போயிடுங்க."

அதன் கீழே, மிச்சமிருப்பவர் ஒருவர் என்று காட்டியது. பக்கத்தில் சரிதாவின் பெயர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒரு நிமிஷம்ங்க" என்று அடித்தாள்.