ஒத்த ஆள் கடை

"கடையில மொத்தம் எத்தனை பேரும்மா வேலை செய்யறீங்க?"

"நான் ஒருத்திதான் மேடம். நானே முதலாளி, நானே தொழிலாளி. திட்டணும்னாலும் என்னை நானேதான் திட்டிக்கணும்."

பயிற்சி மேடம் சிரித்தார். ஆனால் பேனாவை மூடிவிட்டார். தையல்காரி இளைஞர்களுக்கான தொழில் பயிற்சியில் சேர மூன்று மாதமாகக் காத்திருக்கிறாள். இன்றைக்கு மேடம் கடையைப் பார்த்துத் தலையாட்டினால்தான் இடம்.

"விதிப்படி மூணு பேராவது இருக்கணும்மா. பெரிய கடைன்னா முதலாளி வகுப்புக்கு வந்தாலும் வேலை நடக்கும். கத்துக்கிட்டதைப் போய் செஞ்சு பார்க்கவும் ஆள் இருக்கும். ஒத்த ஆள் கடையில வகுப்பு நடக்கிற பத்து நாளும் பூட்டுதான் தொங்கும். இருக்கிற வாடிக்கையும் போயிடும்."

சொன்னதில் பொய்யில்லை. அதனாலேயே தையல்காரிக்கு இன்னும் அழுகையாக வந்தது.

"மேடம், கொஞ்சம் இந்தப் பக்கமும் எட்டிப் பாருங்களேன்."

குரல் கொடுத்தது அண்ணன்காரன். ஒரே அறை, நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் தங்கையின் தையல் மிஷின், அந்தப் பக்கம் அவனுடைய மிக்ஸி, ஃபேன், ரேடியோ ரிப்பேர். அங்கேயும் அவன் ஒருவன்தான்.

மேடம் திரையை விலக்கினார். ரிப்பேருக்கு வந்த ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டு: யாருடையது, என்ன கோளாறு, என்றைக்குக் கொடுப்பது. சுவரில் விலைப் பலகை.

"அட, நான் வகுப்புல சொல்ற மாதிரியே இருக்கே!"

"உங்க வகுப்புதான் மேடம். மூணாம் நாள் சீட்டு, அஞ்சாம் நாள் விலைப் பலகை. முன்னெல்லாம் 'நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க'ன்னே காலத்தை ஓட்டினேன். இப்ப சொன்ன நாள்ல குடுக்கறேன். வேலை ரெண்டு மடங்கு வருது."

"வீட்டுக்குக்கூட சொன்ன நேரத்துக்கு வர்றாரு மேடம். அதுதான் பெரிய அதிசயம்" என்றாள் தங்கை.

"சரி, அந்தப் பத்து நாளும் கடை?"

"இவ ஒரு கண்ணு அங்க, ஒரு கண்ணு இங்க வச்சுப் பார்த்துக்கிட்டா. இவ வகுப்புக்கு வந்தா நான் பார்த்துக்கறேன்."

"உனக்குத் தைக்கத் தெரியுமா?"

"துணியை வாங்கி வைப்பேன் மேடம். தைச்சா இவ என்னை உயிரோட விடமாட்டா."

மேடம் பேனாவைத் திறந்து மனுவில் கையெழுத்துப் போட்டார். "ஒத்த ஆள் கடைக்கும் பலன் உண்டுன்னு இன்னைக்குத்தான் கண்ணால பார்க்கறேன். மேலிடத்துக்கும் இதையே எழுதறேன்."

தையல்காரி சந்தோஷத்தில் பொத்தான் டப்பாவைத் தட்டிவிட்டாள். அறை முழுக்கப் பொத்தான்கள் உருண்டன.

படி இறங்கப் போன மேடம் நின்றார்.

"உன்னைக் கடைசி வரிசையில பார்த்த ஞாபகம் இருக்கு தம்பி. ஆனா ஒத்த ஆள் கடைக்காரனை உள்ள விட்டது யாரு?"

"என் மனுவைத் தள்ளிட்டாங்க மேடம். முதல் நாள் மைக் ரிப்பேருன்னு வகுப்பு நடந்த ஹால்காரர் கூப்பிட்டாரு. சரி பண்ணிட்டு, மறுபடி கெட்டா என்ன பண்றதுன்னு ஓரமா உட்கார்ந்துட்டேன்."

"ஐயோ, அந்தப் பாழாப்போன மைக்! பத்து நாளும் காலையில வாயைத் திறந்ததுமே கெட்டுப்போய் என் உயிரை வாங்கிச்சே!"

அண்ணன்காரன் தலையைச் சொறிந்தான்.

"தானா கெட்டது முதல் நாள் மட்டும்தான் மேடம்."