சால்வைக்குள் கேமரா

ஊட்டிப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த அந்தக் காலையில், முதலில் குளிர்கிறது என்று சொன்னது கேமராதான்.

“பேட்டரி இறங்கிடும் சார். எதையாவது போத்தி விடுங்க.”

மாமனார் சீராக வாங்கிக் கொடுத்த கேமரா. சிவநேசன் தன் மனைவி பூங்கோதையைப் பார்த்தான். பட்டுப்புடவை மறையும் என்று ஸ்வெட்டரை அறையிலேயே விட்டிருந்தவள், சால்வையையும் கழற்றிக் கொடுத்தாள். பற்கள் தந்தியடித்தன.

“நடுக்கத்த எல்லாம் நான் சரி பண்ணிக்கறேன் மேடம். நீங்க சும்மா நின்னா போதும்,” என்றது கேமரா.

படங்கள் பிரமாதம். பனிக்கு நடுவே, மூக்குகூடச் சிவக்காமல், சித்திரை வெயிலில் நிற்பவளைப்போல் சிரித்தாள். படங்களைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அவள் மாமியார் போன் செய்தார். “இதுக்கா குளிரு குளிருன்னு அவ்வளவு பேசினீங்க?”

மாலைக்குள் அவளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவளை அதே கேமரா வழியாக வீடியோ காலில் டாக்டருக்குக் காட்டினான் சிவநேசன். கேமரா இன்னும் அவள் சால்வையைத்தான் போர்த்தியிருந்தது.

“உடம்பு நெருப்பாக் கொதிக்குது டாக்டர். கண்ணையே தொறக்க மாட்டேங்கறா.”

“நல்லாத்தானே சிரிக்கறாங்க? முகத்துல ஒரு வாட்டமும் இல்லையே. உங்க கை சில்லுன்னு இருக்கும் சார், அதான் தொட்டா சுடற மாதிரி இருக்கு.”

சிவநேசன் வாய் திறப்பதற்குள் சால்வைக்குள்ளிருந்து குரல் முந்திக்கொண்டது.

“தேங்க்ஸ் டாக்டர். ரூம்ல லைட் கம்மிதான், சமாளிச்சிட்டேன்.”