எல்லாமே வலது கால்

“கடைசி எட்டுப் பக்கத்தைக் கிழிச்சவன் கை வெளங்காமப் போவ!”

துர்கா நாவலை மேசையில் அறைந்தாள். பீங்கான் பட்டறையில் அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த கனகா நிமிர்ந்தாள்.

“யாருடி கிழிச்சது?”

“வேற யாரு? வேலை நேரத்துல படிக்கறேன்னு புடுங்கிட்டுப் போனாரே நம்ம சூப்பர்வைசர், அவருதான். மூணு நாள் வச்சிருந்துட்டுக் குடுக்கறாரு, முடிவைக் காணோம். கேட்டா, ‘முன்னாடியே கிழிஞ்சிருந்துச்சு’ன்றாரு. லைப்ரரில நான் என்னா பதில் சொல்றது?”

சூப்பர்வைசர் குருமூர்த்தி அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான். போன வருஷம் கடலூரில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில், துர்கா ஆறாவது கிலோமீட்டரில் மூச்சு முட்டி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்த குருமூர்த்தி அதை வீடியோ எடுத்துப் பட்டறை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ‘ஆறாங்கல்லு’ என்றே பெயர்.

முந்தாநாள்கூட, தரையில் கொட்டியிருந்த ஈர மண்ணில் அவள் தெரியாமல் ஒரு காலை வைத்துவிட்டாள். “கண்ணை வூட்டுல வச்சுட்டு வந்தியா?” என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

அந்த நாவல்தான் அவளை மறுபடியும் ஓட வைத்தது. நெடுந்தூரம் ஓடும் ஒருத்தியின் கதை. செத்துப்போன அவளுடைய தோழி தினமும் அவளுக்கு முன்னால் ஓடுகிறாள். ஆள் தெரியாது. தார் ரோட்டில் வெள்ளை வெள்ளையாகக் காலடிகள் மட்டும் தெரியும். அவற்றைத் துரத்திக்கொண்டே இவள் ஓட்டக்காரி ஆகிறாள். பந்தய நாள் வருகிறது. அதற்குமேல் பக்கங்கள் இல்லை.

“அவ முடிச்சாளா இல்லியான்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரல கனகா. இந்த வருஷமும் நான் உக்காந்துட்டேன்னா அதோட சரி. இனிமே ஓடவே மாட்டேன்.”

மறுநாள் விடியற்காலை, சேத்தியாத்தோப்பு ரோடு. நல்ல பனி. வழக்கம்போல வெறுங்காலில் ஓடிவந்தவள் மூன்றாம் கிலோமீட்டர் கல்லருகே நின்றுவிட்டாள்.

ரோட்டில் வெள்ளைக் காலடிகள்.

பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஓடுகிறவர் வைக்கும் இடைவெளி. அப்புறம் நடுரோட்டில் சட்டென்று காணோம்.

சுற்றிலும் பார்த்தாள். வயல்தான். ஒரு நாய்கூட இல்லை. மெதுவாகத் தன் வலது காலை ஒன்றின்மேல் வைத்தாள். அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. உள்பக்கமாக வளைந்த அவளுடைய சுண்டுவிரல்கூட.

அன்று திரும்பி ஓடிய வேகத்தில் அவள் அதற்குமுன் ஓடியதே இல்லை.

“எல்லாமே வலது கால்டி,” என்றாள் கனகாவிடம்.

“ஒத்தக்கால் பேயா? நல்லதாப் போச்சு. நொண்டி நொண்டி உன்னை எங்க புடிக்கப் போவுது?”

“அது என்னைத் துரத்தலடி. எனக்கு முன்னால போவுது.”

கனகாவின் சிரிப்பு நின்றது. “நாளைக்கு அந்தப் பக்கம் போவாத.”

போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் கல்லில் ஒன்றுமில்லை. நான்காம் கல்லில் இருந்தது. அடுத்த வாரம் ஐந்தாம் கல். இடைவெளி நாளுக்கு நாள் அகன்றது. அவற்றின்மேலேயே மிதித்து ஓடப் பழகினாள். முன்னால் யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். நின்றால் அதுவும் நிற்கும்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஆறாம் கல்.

அரையிருட்டு. மிதித்ததும் உள்ளங்கால் சில்லென்றது. மற்ற நாளெல்லாம் காய்ந்துகிடக்கும் காலடிகள் அன்று ஈரமாக இருந்தன. இப்போதுதான் யாரோ போயிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக மிதித்துக் கல்லைத் தாண்டினாள். அதற்குமேல் கீழே பார்க்கப் பயம். தலையை நிமிர்த்திக்கொண்டு ஏழாம் கல் வரை ஓடித் திரும்பினாள்.

வெளிச்சம் வந்திருந்தது. ஆறாம் கல்லை நெருங்கும்போது பார்த்தாள். கல்லைத் தாண்டிய பக்கமும் காலடிகள், மங்கி மங்கி, ஏழாம் கல் இருக்கும் திசை நோக்கி. இந்தத் தடவை வலதும் இருந்தது, இடதும் இருந்தது.

வீடு சேரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கால் கழுவும்போது தண்ணீர் பால்போல ஓடியது. இருந்த பயத்தில் அதை அவள் யோசிக்கவில்லை.

கடலூரில் துர்கா உட்காரவில்லை. பதினேழாவது ஆளாக எல்லைக்கோட்டைத் தாண்டினாள்.

திங்கட்கிழமை, ஸ்பாஞ்சு எடுக்கச் சூப்பர்வைசரின் அலமாரியைத் திறந்தாள். பழைய துணிக்குள் பிளாஸ்டரில் செய்த ஒரு பாதம். வலது பாதம். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அடியெல்லாம் காய்ந்த வெள்ளை மண்.

அதற்குக் கீழே எட்டுப் பக்கங்கள். கடைசி வரியைப் படித்தாள். ‘காலடிகள் நின்ற இடத்தில் அவளும் நின்றாள். பிறகு அவள் ஓடவே இல்லை.’

“அந்த முடிவை நீ படிக்க வேணாம்னுதான்...”

குருமூர்த்தி பின்னால் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“ஈர மண்ணுல நீ பதிச்ச தடத்துலதான் பிளாஸ்டர ஊத்தி எடுத்தேன். நீ ஒரு காலைத்தான வச்ச? இன்னொண்ணுக்கு எங்க போவேன்? தெனம் வண்டில போயி, மண்ணுல தோச்சுத் தோச்சு வச்சுட்டு வருவேன். வீடியோ போட்ட பாவி நான்தானம்மா.”

துர்கா பிளாஸ்டர் பாதத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப ஆறாங்கல்லுக்கு அந்தாண்ட மட்டும் ரெண்டு காலும் இருந்துச்சே சார்?”

அவர் புரியாமல் பார்த்தார்.

“நான் ஆறாங்கல்லு வரைக்கும்தாம்மா வச்சேன். அதுக்கு அந்தாண்ட வெறும் ரோடு.”

துர்கா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். இரண்டையும்.