கழுத்து நடுங்கும் நாரை

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. ஏரிக்கரை வேலியின் இரும்புத் தூணில் தம்பி ஒரு கவ்வியை மாட்டி, அதன்மேல் அக்காவின் பைனாகுலரைப் பொருத்துகிறான். லேத் பட்டறைக்காரன், கவ்வியும் அவனே கடைந்ததுதான். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாராவாரம் இங்கே வந்து பறவைகளைக் கணக்கெடுக்கிறாள். மூன்று வாரமாக அவள் நோட்டில் ஒரே வரிதான்: ‘ஒற்றை நாரை. கழுத்து நடுங்குகிறது. நோயாக இருக்கலாம்.’ “கைய எடுத்துட்டுப் பாருக்கா,” என்கிறான் தம்பி. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிகிறாள். வட்டத்துக்குள் வெறும் தண்ணீர், நடுவில் நாரை. வரைந்து வைத்ததுபோல் நிற்கிறது. அலகின் நுனியில் தொங்கும் ஒரு சொட்டு நீர்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. அவள் வெகுநேரம் நிமிரவில்லை. “அதுக்குச் சரியாயிடுச்சா?” என்று கேட்டபடி தம்பி திருகாணியை இன்னும் அரைச் சுற்று இறுக்குகிறான். “அதுக்கு ஒண்ணும் இல்லடா.” நோட்டை எடுத்து அந்த மூன்று வரிகளையும் அடிக்கிறாள். ஒரு கோடுகூட நேராக விழவில்லை. தம்பி அதைப் பார்க்கிறான். “நாளைக்குக் குழந்தைங்க வார்டு. பதினாறு ஊசி போடணும்,” என்றபடி அவள் வலது கையைத் தூணின்மேல், பைனாகுலருக்குப் பக்கத்தில், அழுத்தி வைத்துக்கொள்கிறாள்.