வேர்விட்ட பெட்டி

பானுப்பிரியா மேடம் அறைக்கதவைத் தாழிட்டுவிட்டுத் தன் போனைக் கஜாலினியிடம் நீட்டினாள். அதில் ஓடிக்கொண்டிருந்தது, வீட்டு வேலைக்காரியான கஜாலினி செய்த படம்.

கஜாலினி கெட்டிக்காரிதான். மேடம் தூக்கிப்போட்ட பழைய ஐபேடில், ஏஐயிடம் தமிழிலேயே சொல்லிச் சொல்லி ஒரு குட்டி அனிமேஷன் படம் செய்துவிட்டாள். ஆனால் அதில் இன்னும் மேடத்தின் கணக்கே இருப்பதால், எதைச் செய்தாலும் மேடத்தின் போனுக்கும் போய்விடும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

படத்தில் ஆட்களே இல்லை. ஊருக்குக் கிளம்பிய சிவப்புப் பெட்டி ஒன்று வாசலை நோக்கி நகர்கிறது. நகர நகர அதன் அடியில் வேர் முளைத்துத் தரையைக் கவ்விக்கொள்கிறது. மூலையில் ஓர் இரும்பு லாக்கர் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது.

"இது யாரு பெட்டி?"

"சும்மா கற்பனை, மேடம்."

"இந்த லாக்கருமா?"

அது அப்படியே மேடத்தின் கணவர் சேதுபதி சாரின் லாக்கர். ஷார்ஜாவில் வந்து இறங்கிய அன்றே அவர் வாங்கி வைத்துக்கொண்ட கஜாலினியின் பாஸ்போர்ட் அதற்குள்தான் கிடக்கிறது.

"மகள் பெரியபிள்ளையாகிட்டாள், மேடம். அடுத்த மாசம் சடங்கு. ஏன் வரமாட்டியள் எண்டு கேட்டு அழுறாள். வாயால சொல்ல ஏலாமத்தான் இதைச் செய்தனான். சாரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லிவிட்டு அவளே நொந்துகொண்டாள். சொந்தத் தங்கை கல்யாணத்தையே சோபாவில் சாய்ந்தபடி வீடியோவில் பார்த்த மனுஷி இது. ஊரான் பிள்ளையின் சடங்கா இவளுக்குப் பெரிது?

வெளியே லிஃப்ட் நிற்கும் சத்தம். பானுப்பிரியாவின் முகம் வெளுத்தது. சட்டென்று படத்தை அழித்தாள்.

"ஐபேட்லயும் அழிச்சிடு. அவர் கண்ல பட்டா தொலைஞ்சோம்."

கஜாலினிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டின. "படத்தை அழிக்கிறன், மேடம். ஆனா நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் பாஸ்போர்ட்டைத் தரமாட்டாரோ? நீங்கள் அவற்ற பெண்சாதி."

வாசலில் சாவி திரும்பியது. பானுப்பிரியா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னோட பாஸ்போர்ட்டும் அந்த லாக்கருக்குள்ளதான் இருக்கு, கஜா."