ஊருக்கு நடு

"ஊருக்கு நடு எதுன்னு கேட்டா, என் வூடுதான்" என்றாள் சீனியம்மாள்.

டீக்கடை வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். சர்வேயர் சங்கரநாராயணன் மட்டும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து இதே மாதிரி பதில்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராயபுரத்துக்கு வடக்கே, கடலுக்கும் ரயில் பாதைக்கும் இடையில் நெருக்கியடித்துக் கிடந்த குப்பம் அது. சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் கழித்து, அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு உத்தரவாகியிருந்தது. 'ஊரின் மையத்தில் கட்டுக' என்றது உத்தரவு. மையத்தைக் கண்டுபிடிக்க மயிலாப்பூரிலிருந்து அவர் வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு இடம் பார்க்க சர்வேயர் வருகிறார் என்று முந்தின நாளே தண்டோராவும் போட்டாகிவிட்டது.

வட்டாரம் முழுவதற்குமான வரைபடத்தின் மேல் காம்பஸைச் சுழற்றியதில், மையம் ரயில்வே கேட்டுக்கு அப்பால், ஆளில்லாத பொட்டலில் விழுந்தது. அவருக்குத் திருப்தி. இருந்தாலும் ஜனங்களையும் கேட்கவேண்டும் என்பது விதி.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இக்னேஷியஸ், மாதா கோயில் வாசல்தான் நடு என்றார். டீக்கடைக் கிருஷ்ணப்பன், ஊருக்கே தன் கடையில்தான் பொழுது விடிகிறது என்றார். வலைக்காரர்களுக்குக் கடல்தான் நடு. மெட்ராஸ் அதற்கு ஓர் ஓரம்.

இப்போது கருவாடு விற்கும் கிழவி சீனியம்மாள்.

"கெய்வி கருவாட்டுக் கூடையை எங்க எறக்குதோ, அதான் மெட்ராசுக்கே நடு" என்றார் கிருஷ்ணப்பன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போன மாசம் மகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னாள். கூட்ஸ் வண்டிக்காகக் கேட் மூடியிருந்தது. கடைசிப் பெட்டி போவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அது அழவில்லை.

"கேட்டுக்கு அந்தாண்ட கட்டுனா அது எங்களுக்கு இல்ல சாமி. என் வூட்டாண்டதான் நாலு சந்தும் வந்து சேருது. எந்த வூட்லேர்ந்தும் கட்டிலைச் சாய்க்காம தூக்கியாரலாம்."

சங்கரநாராயணன் இரக்கத்தோடு தலையசைத்தார். பிறகு நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'இப்பகுதியினருக்கு நகரம் பற்றிய அறிவு இல்லை. அவரவர் வாசலே அவரவர்க்கு மையம். பொதுநலம் என்றால் என்ன என்பதை இனிமேல்தான் இவர்களுக்குக் கற்பிக்கவேண்டும்.'

மை காயும்வரை ஊதினார். வரைபடத்தில், சந்துகள் கூடும் இடத்தில் விரலை வைத்தார்.

"வாசல்லயே ஆஸ்பத்திரி வேணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனா இங்கே காலி இடம் ஏதும்மா? உன் குடிசைதானே இருக்கு?"

"இருந்துச்சு. காத்தால கூரையைப் பிரிச்சிட்டேன்" என்றாள் சீனியம்மாள். "சுவரை மட்டும் உங்க ஆளுங்களை வுட்டு இடிச்சுக்குங்க."