பெருச்சாளி எடுத்த கணக்கெடுப்பு

அடுப்படியில் புதிதாக வந்திருந்த மரப்பெட்டிக்குள் தேங்காய்ச் சில்லு மணந்தது.

"குட்டிங்க பட்டினியா கிடக்குதுங்க அண்ணே. உள்ளே போகலாமா?" என்று பெருச்சாளியிடம் கேட்டது தாய்ச் சுண்டெலி.

கணக்கெடுப்பு படித்த பெருச்சாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. வளை வளையாக ஏறி இறங்கி விசாரித்துவிட்டு வந்தது.

"பெட்டியால ஒரு கெடுதலும் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க, தங்கச்சி."

"முந்தாநாள் அதுக்குள்ள போனது எங்க வீட்டுக்காரர்தானே. அவரைக் கேட்டீங்களா?"

"அவர் இன்னும் திரும்பலையே. வளையில இல்லாதவங்களை எப்படிச் சேர்க்கிறது?"

சுண்டெலி குட்டிகளின் ஒட்டிய வயிறுகளைப் பார்த்தது. பிறகு அடுப்படிப் பக்கம் போனது.

மறுநாள் பெருச்சாளி தன் கணக்கைச் சரிபார்க்கப் புறப்பட்டது. சுண்டெலியின் வளையில் குட்டிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

"அம்மா எங்கே?"

"இன்னும் வரலை மாமா."

"சரி, வந்ததும் கேட்டுக்கறேன்" என்று பெருச்சாளி அடுத்த வளைக்கு நகர்ந்தது.